ஒண்ணாம் நம்பர் ரத்தம்

வேலைக்கு எடுத்த அன்று பேராசிரியர் அவளுடைய சான்றிதழ்களை ஒப்புக்குப் புரட்டினார். கையைத்தான் உன்னிப்பாகப் பார்த்தார். வெயில் காலம், அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தாள். இடது முழங்கை மடிப்பில் பச்சை நரம்பு ஒன்று எடுப்பாகத் தெரிந்தது. "நரம்பு நல்லா இருக்கு. திங்கள்கிழமையே வந்து சேர்ந்துடுங்க" என்றார். செல் உயிரியலில் ஆறு வருஷம் மாடாய் உழைத்து முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு, நரம்பைப் பார்த்து வேலை கொடுத்தார்கள் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டில் மட்டும் சொன்னாள்.

அவள் கணவருக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் லிப்ட்காரர். கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். "ரத்தத்தை உறிஞ்சுறாங்கன்னு மத்தவங்க தங்க வேலையைப் பத்திச் சும்மா சொல்வாங்க. உங்க இடத்துல முதல் நாளே ஒத்துக்கிறாங்களே, நேர்மையானவங்கதான்" என்றார் அவர். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ரத்தத்தை வைத்து ஆராய்ச்சி நடக்கிற இடங்களில் இது எல்லோரும் அறிந்த வழக்கம்தான். நோயாளியின் ரத்தத்தில் ஏதோ ஒன்று குறைவு என்று சொல்ல வேண்டுமானால், நோயில்லாதவர் ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். நோயில்லாதவரை எங்கே போய்த் தேடுவது? தெருவில் போகிறவரை மடக்கி ஊசி குத்த முடியாது. அதனால் வேலை செய்கிறவர்களே கையை நீட்டிவிடுவார்கள். நடமாடுகிறார்கள், டீ குடிக்கிறார்கள், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். ஆரோக்கியத்துக்கு அதற்கு மேல் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை. குழாயின் மேல் பெயர் எழுதக் கூடாது, எண்தான் எழுத வேண்டும் என்பது விதி. அவளுக்குக் கிடைத்த எண் ஒன்று. ஒரே வாரத்தில் அவளுடைய பெயர் காணாமல் போய், ஆய்வகம் முழுக்க ‘ஒண்ணாம் நம்பர்’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்றாம் மாடி. திறக்க முடியாத ஜன்னல்கள். ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீருக்குக் கீழே ஒரு பக்கெட். மூலையில் கறுப்புத் திரைக்குப் பின்னால் செல் எண்ணும் மெஷின், அதன் முன்னால் ஒரு சக்கரம் உடைந்த நாற்காலி. அந்த நாற்காலிதான் அவளுடைய இடம். ரத்தம் எடுக்க வந்துகொண்டிருந்த நர்ஸ் நின்றுபோன பிறகு, ரப்பர் பட்டையின் ஒரு நுனியைப் பல்லால் கவ்வி இழுத்துக் கட்டி, தன் கையில் தானே குத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். காலை எட்டரை மணிக்கு ஒண்ணாம் நம்பர் ரத்தம் தயாராக இருக்கும்.

மெஷின் செய்வது எளிய வேலை. சாயம் ஏற்றிய செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன்னால் ஓட விடும். ஒரு செல்லுக்குத் திரையில் ஒரு புள்ளி. ஒரே வகைச் செல்கள் ஒரே பக்கமாகக் கூடும். எந்தக் கூட்டத்தை எண்ண வேண்டுமோ அதைச் சுற்றி நாம் கோடு போட வேண்டும். கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் கைத்திறமை எல்லாம். இம்மி தள்ளிப் போட்டால் எண்ணிக்கை மாறிவிடும். அதனால் தினமும் முதலில் ஒண்ணாம் நம்பரை ஓட்டுவார்கள். அவள் ரத்தத்தில் கூட்டம் எங்கே நிற்கிறதோ அதைச் சுற்றிக் கோடு போட்டு, அதே கோட்டை நோயாளிகளின் மேல் வைப்பார்கள். மற்ற எல்லோருக்கும் அவள் ரத்தம்தான் அளவுகோல்.

இரண்டாம் வருஷம் அந்தக் கூட்டம் அவள் கண்ணில் பட்டது. திரையின் மேல் மூலையில், ஒதுங்கி நிற்கும் ஒரு சிறு கூட்டம். நோய் எதிர்ப்புச் செல்கள் வெறி பிடித்துச் சொந்த உடம்பையே கடிக்கும்போது அவற்றைத் தட்டி உட்கார வைக்கிற வகை அது என்று தோன்றியது. தணிப்புச் செல் என்று பெயர் வைத்தாள். அவள் ரத்தத்தில் நூற்றுக்கு ஒன்பது இருந்தன. மூட்டுவாத நோயாளிகளிடம் நூற்றுக்கு மூன்றுதான். மூட்டுவாதம் என்பதே உடம்பு தன் மூட்டுகளைத் தானே தின்பது. தணிக்க ஆள் போதவில்லை, அதனால்தான் தின்கிறது! பேராசிரியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறைக்குள் இங்குமங்கும் நடந்தார். பிறகு, "நோயில்லாதவங்க இன்னும் கொஞ்சம் பேர் வேணும்" என்றார்.

கட்டடத்துக்குள் இருந்தவர்களையே பிடித்தார்கள். ஆறு பேர் சிக்கினார்கள். இரண்டு பேருக்கு ஆறு வந்தது, பரவாயில்லை. மிச்சம் நான்கு பேருக்கும் மூன்றுதான் வந்தது, நோயாளிகளைப் போலவே.

இங்கேதான் கதை கோணிக்கொண்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை என்று அவள் பின்னால் பல தடவை சொல்லிப் பார்த்தாள். கதை சொல்கிற எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். கண்டுபிடித்தது உண்மை என்று மனசு முடிவு செய்துவிட்டால், ஒத்துவராத ரத்தத்தில் ஏதோ குறை இருக்கத்தானே வேண்டும்? பதிவேட்டில் ஒன்றை நீக்க வேண்டுமானால், சிவப்பு மையில் படிக்கத் தெரியும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் காரணம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அவள் நான்கு பேரையும் அடித்தாள். ஒருவருக்குத் தூக்கம் சரியில்லை. ஒருவர் தலைவலி மாத்திரை சாப்பிட்டிருந்தார். ஒருவருடைய குழாய் கொஞ்ச நேரம் வெயிலில் இருந்தது. நான்காம் நம்பருக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை. ‘சளி’ என்று எழுதினாள்.

நான்காம் நம்பர், ஆய்வகத்தின் குடுவைகளையும் குழாய்களையும் கழுவுகிற கண்ணாடிக்காரர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். தன் ரத்தமும் ஆராய்ச்சிக்கு உதவுகிறது என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டவர். தன்னை நீக்கியது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது.

"என் ரத்தத்துல என்ன கோளாறும்மா?"

"ஒண்ணும் இல்லண்ணா. உங்களுக்குச் சளி இருந்திருக்கும்."

"எனக்குச் சளியே பிடிக்கலையே."

"வெளியில தெரியாதுண்ணா. உள்ளுக்குள்ள இருந்திருக்கும்."

அவர் கையிலிருந்த குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் எதிரில் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா, என் சளி சௌக்கியமா?" என்று கேட்பார். அவளும் சிரித்து வைப்பாள். அதை வேடிக்கைப் பேச்சு என்றே நினைத்தாள்.

நான்கு பேர் போனதும் நோயில்லாதவர் பக்கம் மூன்றே பேர்தான் நின்றார்கள். ஆனால் ஒண்ணாம் நம்பர் ரத்தம் பதினோரு வெவ்வேறு நாட்களில் ஓட்டப்பட்டிருந்தது. படத்தில் பதினோரு புள்ளிகளாக வைத்தார்கள். பார்க்கிறவருக்குப் பதினோரு ஆட்கள் மாதிரித் தெரியும். ‘ஆட்கள்’ என்று அவர்கள் எங்கும் எழுதவில்லை. ‘ஆட்களா’ என்று யாரும் கேட்கவுமில்லை. கட்டுரை பெரிய ஆய்விதழில் வந்தது.

இந்தத் தொழிலில் கட்டுரையின் முதல் பெயர் வேலை செய்தவருடையது. கடைசிப் பெயர் அதற்குச் சொந்தக்காரருடையது. முதல் பெயர் அவளுடையது. லிப்ட்காரர் அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தண்ணி வடிகட்டிக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். ஒரு வரிகூட அவருக்குப் புரியாது. ஆனால் வீட்டுக்கு வருகிற எவரும் அதைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்க முடியாது.

கடைசிப் பெயர்க்காரர் மளமளவென்று மேலே போனார். பதக்கம், பெரிய அறை, மாதத்துக்கு இரண்டு விமானம். அவளுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். ஒவ்வொரு தடவையும், "எல்லாம் பேசிட்டேன், அடுத்த தடவை நிரந்தரம்தான்" என்பார் பேராசிரியர். சொந்தமாக ஓர் ஆய்வகம் வேண்டுமென்று வெளியே மூன்று இடங்களில் விண்ணப்பித்தாள். மூன்றிலும் தேர்வுக்குழு ஒரே பாட்டைப் பாடியது: "உங்க வேலைன்னு தனியா என்ன இருக்கு? எல்லாம் உங்க பேராசிரியரோடதுதானே?" குழந்தையும் தங்கவில்லை, இரண்டு தடவை வந்து இரண்டு தடவை போனது. அவளுடையது என்று இந்த உலகத்தில் எஞ்சி நின்றது நூற்றுக்கு ஒன்பது என்ற அந்த ஒரு கணக்குதான்.

வேறு இரண்டு ஆய்வகங்கள் அதைச் செய்து பார்த்துவிட்டு, தங்களுக்கு அப்படி வரவில்லையே என்று எழுதின. "கோடு போடத் தெரியாதவங்க" என்றார் பேராசிரியர். அவர்கள் கோட்டைச் சரி செய்துகொள்ள வசதியாக, அவள் தன் ரத்தத்தையே உறைய வைத்துச் சிறு குழாய்களில் அனுப்பினாள். இப்போது வருகிறது, மன்னிக்கவும் என்று பதில் வந்தது. அன்று அவள் ராஜகுமாரி மாதிரி வீட்டுக்குப் போனாள். பிறகு, தணிப்புச் செல்களைப் பெருக்கும் ஊசி மருந்து ஒன்று தயாராகி, மூன்று மருத்துவமனைகளில் இருநூற்று நாற்பது மூட்டுவாத நோயாளிகளுக்குச் சோதனையாகப் போடப்பட்டது.

நாற்பத்தொன்பது வயதில் அவளுக்கு வாயில் புண் ஆறாமல் வந்துகொண்டே இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று தட்டிக் கழித்தாள். லிப்ட்காரர்தான் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக ரத்த நோய் டாக்டரிடம் கூட்டிப் போனார். பரிசோதனை முடிந்து ஒரு வாரம் கழித்து டாக்டர் கூப்பிட்டார். அவளைவிட இளையவர், நிதானமாகப் பேசுகிற பெண்.

"பயப்படாதீங்க. ரத்தப் புற்றுலயே இது ரொம்ப மெதுவா போற வகை. பத்து வருஷம், இருபது வருஷம்கூடச் சத்தமில்லாம இருக்கும். மாத்திரையிலயே அடக்கிடலாம்."

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. டாக்டருக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்தாள். மேல் மூலையில், ஒதுங்கி நிற்கும் ஒரு புள்ளிக் கூட்டம். பதினேழு வருஷமாக ஒவ்வொரு காலையும் அவள் கோடு போட்ட அதே கூட்டம். இப்போது கொழுத்துப் பெருத்திருந்தது.

"அது என்ன கூட்டம் டாக்டர்?" என்றாள். என்னவென்று அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் வேறு யாராவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அதுதாங்க நோய்" என்றார் டாக்டர்.

லிப்ட்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுக்குக் கை ஒரு பக்கம் இருந்தது, நினைவு ஒரு பக்கம் இருந்தது. மருத்துவமனை வாசலில், "நீங்க வீட்டுக்குப் போங்க, எனக்கு ஒரு வேலை இருக்கு" என்றாள். புற்றுநோய் என்று சொல்லி அரைமணி ஆகவில்லை, இவளுக்கு வேலை இருக்கிறதாம்.

ஆய்வகத்தின் அடித்தளத்தில் திரவ நைட்ரஜன் தொட்டிகள் இருக்கின்றன. மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை காலில் வந்து விழும். ஒவ்வொரு வருஷமும் ஒண்ணாம் நம்பர் ரத்தத்தில் கொஞ்சம் அங்கே உறைய வைப்பது வழக்கம். நீக்கப்பட்ட நான்கு பேருடைய குழாய்களும் அங்கேதான் கிடந்தன. எதையும் தூக்கிப் போடாத இடம் அது. தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள்.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த வகைச் செல்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முத்திரை உண்டு. ஆரோக்கியமான ஒரு கூட்டத்தை எடுத்தால் ஆயிரக்கணக்கான முத்திரைகள் கலந்து கிடக்கும். நோயில் பெருகிய கூட்டம் அப்படியில்லை. அவ்வளவும் ஒரே செல்லின் வாரிசுகள், எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை. பதினேழு வருஷமாக அவள் அந்தக் கூட்டத்தை எண்ணினாளே தவிர, முத்திரையைப் பார்த்ததே இல்லை. தன் ரத்தத்தைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

நான்கு நாள் வேலை. முதல் வருஷத்துக் குழாயிலேயே ஒரே முத்திரைதான் இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாகக் கையை நீட்டிய அன்றைக்கே நோய் உள்ளே குடியிருந்திருக்கிறது. நீக்கப்பட்ட நான்கு பேருக்கும் முத்திரைகள் ஆயிரக்கணக்கில் கலந்திருந்தன. எண்ணிக்கை நூற்றுக்கு மூன்று. ஆரோக்கியமான மனிதருக்குச் சாதாரணமாக மூன்றுதான், எப்போதாவது ஒருவருக்கு ஆறு வரும். நோயாளிகளுக்கும் மூன்றுதான். எதுவும் எங்கும் குறையவில்லை. அவளிடம் மட்டும்தான் கூடியிருந்தது. அவள் கண்டுபிடித்தது தன் நோயைத்தான், அதற்கு ஆரோக்கியம் என்று பேர் வைத்திருக்கிறாள்.

அன்று மாலை சமையலறையில் லிப்ட்காரர் ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "மாத்திரையை ஆரம்பிச்சியா?"

"இருநூத்தி நாப்பது பேருக்குப் பிரயோஜனமில்லாத ஊசி போட்டுட்டு இருக்காங்க."

"நான் உன்னைக் கேட்டேன்."

"நான் அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்!" என்று கத்தினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்புக் கோடு, சளி, பதினோரு புள்ளி, அத்தனையும். இதைச் சொன்னால் தண்ணி வடிகட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறதே, அது போய்விடும். தனக்கென்று வேறு எதுவும் கிடையாது என்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. நோயைச் சொன்னபோது வராத அழுகை.

அவர் ரொட்டித் தட்டை ஓரமாக வைத்தார். "ஒரு லிப்ட்ல கயிறு நைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா, ‘பழுது’ன்னு போர்டு மாட்டாம நான் வீட்டுக்கு வர மாட்டேன். போன மாசம் நானேதான் அதைச் சரியில்லாம மாட்டியிருந்தாலும்" என்றார். அப்புறம் எழுந்து போய் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் பேராசிரியரின் பெரிய அறைக்குப் போனாள். முதல் வருஷத்துப் படத்தையும் இந்த வருஷத்துப் படத்தையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். விளக்கவே தேவைப்படவில்லை, மனிதர் கெட்டிக்காரர். முகத்தில் ஈயாடவில்லை. உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். பதினெட்டு வருஷம் ரத்தம் கொடுத்தவள் அதை எதிர்பார்க்கக் கூடாதா?

"இது வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"என் டாக்டருக்கு நோய் தெரியும். மத்தது என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்."

"ஒண்ணாம் நம்பரை மட்டும் கணக்குலேர்ந்து எடுத்துட்டா?"

"எடுத்துட்டா ஒண்ணும் மிச்சம் இல்ல, சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலை உயர்த்தவில்லை. "நல்லா யோசிச்சுக்கங்க. கோடு போட்டது நீங்க. நாலு பேரை அடிச்சது நீங்க. கையெழுத்தும் உங்களோடதுதான்."

"ஆமா சார்" என்றாள். அது உண்மைதானே.

மதியமே ஆய்விதழுக்கு எழுதினாள், ஒன்றரைப் பக்கம். ஊசி மருந்துச் சோதனை நடத்துகிறவர்களுக்கும் ஒரு நகல் அனுப்பினாள். ஊசி மூன்று வாரத்தில் நின்றது. இருநூற்று நாற்பது பேரில் ஒருவர்கூட நன்றி சொல்லவில்லை. நம்பிக்கையைப் பிடுங்கியவளுக்கு யார் நன்றி சொல்வார்கள்? விசாரணைக்குழு என்று மூன்று பேர் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் மூன்று பேரோடும் டீ சாப்பிட்டார். கடைசியில் ஆய்விதழில் நான்கு வரி வந்தது: முதல் ஆசிரியர், தகுந்த காரணமின்றிச் சில மாதிரிகளை நீக்கியதால் ஏற்பட்ட பிழை காரணமாக இக்கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. கடைசி ஆசிரியர் இந்தப் பிழைக்காக வருந்துகிறாராம். அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அது ஒரே வரிக் கடிதம்.

கடைசி நாளன்று கழுவுமிடத்துக்கு இறங்கிப் போனாள். கண்ணாடிக்காரர் நீராவியில் குடுவைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன அவருக்கு.

"என்னம்மா, என் சளி சௌக்கியமா?"

"உங்களுக்குச் சளியே இல்லண்ணா. உங்க ரத்தம்தான் நல்ல ரத்தம். கோளாறு என்கிட்டதான் இருந்துச்சு. அன்னிக்கு நான் வாய்க்கு வந்ததை எழுதிட்டேன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எந்தக் கோளாறும் இல்லையா?"

"இல்லண்ணா."

"பதினாலு வருஷம் முன்னாடி என் தம்பிக்கு ஆபரேஷன். ரத்தம் கேட்டாங்க. என் குரூப்தான் அவனுக்கும். நான் கொடுக்கல. படிச்சவங்களே என் ரத்தம் சரியில்லன்னு ஒதுக்கிட்டாங்க, அதைப் போய்த் தம்பி உடம்புல ஏத்துறதான்னு பயம். எவனோ ஒருத்தன் கொடுத்தான், பிழைச்சுக்கிட்டான். ஆனா கூடப்பிறந்தவன் கையை நீட்ட மாட்டேன்னுட்டான்னு அவன் மனசுல விழுந்துடுச்சு. இன்னிவரைக்கும் பேச்சுவார்த்தை இல்ல." பிறகு, "நீங்க வந்து அவன்கிட்ட இதைச் சொல்வீங்களாம்மா?" என்றார்.

போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே போனாள். தம்பி வாசலிலேயே நிற்க வைத்து முழுவதையும் கேட்டான். "பதினாலு வருஷம் ஆச்சு. இப்ப நான் என்ன செய்யணும்கிறீங்க?" என்றான். கண்ணாடிக்காரர் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

மாத்திரை வேலை செய்தது. வாய்ப்புண் ஆறியது. ஒரு பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு நான்கு வகுப்பு எடுத்தாள். செல் என்றால் என்ன, சவ்வு என்றால் என்ன. தண்ணி வடிகட்டிக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது. பிடுங்கினால் சுவர் பெயர்ந்துவிடும் என்றார் லிப்ட்காரர். அவருக்குப் பிடுங்க மனசில்லை, அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை நேரத்தில் பேராசிரியர் வீட்டுக்கே வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கையில் பழப்பை. "உடம்பு எப்படி இருக்கு? மாத்திரை எடுக்கிறீங்களா? நல்லா ஓய்வெடுக்கணும்" என்று வரிசையாகக் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் ஏன் இவ்வளவு நாள் பத்திரமாக வைத்திருந்தார் என்று அவளுக்கு இரண்டே நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

"தொட்டியில உங்க குழாய் பதினெட்டு இருக்கில்ல? அதைப் பத்தித்தான் யோசிச்சேன். இந்த நோய் சத்தமே போடாத நாள்லேர்ந்து இன்னிவரைக்கும், வருஷத்துக்கு ஒண்ணா, ஒரே ஆளோட ரத்தம். உலகத்துல யார்கிட்டயும் கிடையாது. நோய் எப்படி நகருதுன்னு கண்ணால பார்க்கலாம். பொக்கிஷம்!" அவர் கண்கள் மின்னின. நூற்றுக்கு ஒன்பது வந்த அன்று மின்னியது போலவே.

பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். நோயாளியின் சம்மதக் கடிதம். ஆரோக்கியமானவளாக இருந்தவரைக்கும் அவளிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை.

அவள் நிதானமாகப் படித்தாள். நல்ல ஆராய்ச்சி. மடத்தனமான யோசனையாக இருந்திருந்தால் நிம்மதியாக மறுத்திருப்பாள். அவள் வாழ்நாளில் கையால் தொட்டதிலேயே உருப்படியான வேலை இதுதான்; அதுதான் வயிற்றெரிச்சல்.

"நானே செய்றேன் சார். அந்தக் குழாய்களை என்னைவிட யாருக்குத் தெரியும்? முதல் பெயர்கூட வேண்டாம். நடுவுல எங்கேயாவது போடுங்க."

அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். அந்த வருத்தம் உண்மை போலத்தான் இருந்தது. "முடியாதும்மா. நோயாளியோட அடையாளம் வெளியில வரக் கூடாது, விதி. ஆசிரியர்கள்ல நீங்க இருந்தா யாரோட ரத்தம்னு தெரிஞ்சிடுமே. உங்க நன்மைக்குத்தான். ‘நோயாளி ஒன்று’ன்னு போடுவோம். கடைசியில நன்றின்னு ஒரு வரி கண்டிப்பா இருக்கும்."

"பெயர் இல்லாம."

"பெயர் இல்லாம."

உள்ளே லிப்ட்காரர் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது; கேட்டுக்கொண்டிருக்கிறார். அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். ஆய்வகத்திலிருந்து பையோடு வந்துவிட்ட சிவப்புப் பேனா அங்கே கிடந்தது. படிவத்தில் சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டாவது கட்டத்தில் அடையாளம் போட்டாள். கீழே, மறுப்பவர் விரும்பினால் காரணம் எழுதலாம் என்றிருந்தது. எழுதினாள். கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

பேராசிரியர் வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"சளியா? உங்களுக்கு எங்கேம்மா சளி?"

"வெளியில தெரியாது சார்" என்றாள். "உள்ளுக்குள்ள இருக்கும்."